புரொபேட்: தமிழில் ‘உயில் மெய்ப்பு’

“உயில் இருக்கு, இன்னும் புரொபேட் ஆகலை.” தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் சொத்துப் பேச்சு வந்தால் இது காதில் விழாமல் இருக்காது. சொல்பவர்களில் பலர், சொத்து இன்னும் தங்கள் பெயருக்கு மாறவில்லை என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு அப்படியொரு பொருள் கிடையாது.

மூலம் லத்தீன். ‘புரொபாரே’ என்றால் சோதித்துப் பார்த்து மெய்யென்று நிறுவுவது. அச்சகத்துப் ‘புரூஃப்’புக்கும் இதே வேர்தான். அதை நாம் வெகுநாளாக மெய்ப்பு என்கிறோம். அதனால் புரொபேட்டை உயில் மெய்ப்பு என்றும், நீதிமன்றம் முத்திரையிட்டுத் தரும் தாளை மெய்ப்புச் சான்று என்றும் சொல்லலாம். இது இறந்தவருடைய கடைசி உயில்தானா, தெளிந்த புத்தியோடு முறைப்படி கையெழுத்திட்டாரா என்பதோடு நீதிமன்றத்தின் வேலை முடிந்தது. எழுதப்பட்ட நிலம் உண்மையில் அவருடையதா என்பது தனி வழக்கு.

உயில் என்ற சொல்லை உயிரோடும் உய்வோடும் முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. தப்பு. அது ஆங்கில ‘வில்’. உதடு குவித்துச் சொல்லும் அந்த ஒலி தமிழ்க் காதில் உகரமாகவோ ஒகரமாகவோ விழும்; வயர் ஒயர் ஆனதும் அப்படித்தான். ‘வில்’ என்றே விட்டிருந்தால், ராமர் கையில் இருப்பதா, சொத்தை விற்கச் சொல்கிறதா என்று திண்டாடியிருப்போம். இலங்கையில் ‘இறுதி விருப்பாவணம்’ என்பார்கள், நல்ல சொல். ஆனால் இங்கே உயில் வேர்பிடித்துவிட்டது, அதைப் பிடுங்க வேண்டியதில்லை. புரியாமல் தொல்லை தருவது புரொபேட்தான்.

மெய்ப்பு எப்படி நடக்கும் என்பதற்குச் சுந்தரரின் ஆளோலை வழக்கைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. சுந்தரர் தனக்கு வழியடிமை என்று, அவருடைய பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலையோடு ஒரு கிழவர் வடிவில் சிவன் வழக்குக்கு வந்தார். ஓலையை எழுதிய பாட்டனார் உயிரோடு இல்லை. திருவெண்ணெய்நல்லூர் அவையார் முதலில் மேலெழுத்திட்ட சாட்சிகளின் எழுத்தைப் பார்க்கிறார்கள். பிறகு பாட்டனாரின் வேறொரு கைச்சாத்தைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் ஒப்பிடுகிறார்கள்.

இன்றைய சட்டத்திலும் சாட்சியே அச்சாணி. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63-ஆம் பிரிவின்படி, குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். உயில் எழுதியவர் கையெழுத்திட்டதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது ‘இது என் கையெழுத்து’ என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். வழக்கு வந்தால், உயிரோடு இருக்கும் ஒரு சாட்சியாவது கூண்டேற வேண்டும். எழுபது வயதுக்காரர் தன்னோடு திண்ணையில் உட்காரும் இரண்டு எழுபது வயதுக்காரர்களைச் சாட்சியாகப் போடுவார். மூவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேருவார்கள். அதன்பின் கையெழுத்து ஒப்பீடுதான் கதி. நாற்பது வயதுக்குள் ஒருவராவது இருக்கட்டும். உயிலில் பங்கு பெறுபவர் சாட்சியாக வேண்டாம். “பதிவு பண்ணியாச்சே” என்பது பாதி ஆறுதல்தான். பதிவு கட்டாயமும் அல்ல, சாட்சியத்துக்கு மாற்றும் அல்ல.

மெய்ப்புக் கட்டாயம் என்ற வழக்கம் 1870-ஆம் ஆண்டின் இந்து உயில் சட்டத்தை ஒட்டி வங்காளத்திலும் சென்னை, பம்பாய் நகரங்களிலும் வளர்ந்தது. டெல்டா நிலத்தைப் பற்றி டெல்டாவிலேயே எழுதிய இந்து உயிலுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. சென்னை நகரத்துக்குள் ஒரு வீடு வைத்திருந்த குடும்பங்கள்தான் மாட்டிக்கொண்டன. ஆனால் பிள்ளைகளில் ஒருவர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் போதும், பட்டா மாறுதல் நின்று, “கோர்ட்டுக்குப் போங்க” என்ற பதில் வரும்.

மெய்ப்பு கேட்கும் உரிமை, உயிலில் சொன்னபடி செய்து முடிக்க அதிலேயே பெயர் சொல்லப்பட்ட நிறைவேற்றுநருக்கு மட்டுமே. அப்படி யாரையும் நியமிக்காத உயிலுக்கு, அதை இணைத்து நிர்வாக உரிமை ஆணை கேட்க வேண்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் வேறு. அது வாரிசுகளின் பட்டியல். நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ் கடன், பங்குபத்திரம் போன்றவற்றை வசூலிக்க, நிலத்துக்கு உதவாது.

மெய்ப்பு கிடைத்தும் பயன்படாமல் போகும் உயில்கள் உண்டு. ‘வடக்கு வாய்க்கால் ஓரம் உள்ள என் மூணு மா நஞ்சை மூத்தவனுக்கு’ என்று எழுதியிருக்கும். அதே வாய்க்கால் ஓரம் அவருக்கு இரண்டு இடத்தில் வயல் இருக்கும். மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். பட்டாவிலோ புல எண், உட்பிரிவு, ஹெக்டேர் கணக்கு. அந்த எண்களைத்தான் எழுத வேண்டும். கோயில் குத்தகை நிலத்தைச் சொந்த நிலம்போல் எழுதுவது இன்னொரு கூத்து. ரைஸ் மில் கூட்டு வியாபாரமாக இருந்தால், ‘மில்லை மகளுக்கு’ என்று எழுத முடியாது. தன் பங்கை மட்டுமே எழுதலாம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், கூட்டாளி ஒருவர் இறந்ததுமே கூட்டு கலைந்துவிடும் (1932 கூட்டு வணிகச் சட்டம், பிரிவு 42). முதலில் திருத்த வேண்டியது உயிலை அல்ல, அந்த ஒப்பந்தத்தை.

அசலை மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையிட்ட உறையில் வைப்பாகக் கொடுக்கலாம். வீட்டில் உயில் எழுதியவர் கைவசமே இருந்த அசல் காணாமல் போனால், அவரே கிழித்து ரத்து செய்திருப்பார் என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் உண்டு. சுந்தரர் கிழித்தது படியோலை. மூலவோலை கிழவர் கையில் பத்திரமாக இருந்தது.