நெஃபெலோமெட்ரி: மேகத்தை அளப்பதா?

ஆய்வகக் கையேடு ஒன்றின் மொழிபெயர்ப்பைப் போன வாரம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ‘இரத்தப் புரதங்களை மேக அளவியலால் அளக்கலாம்’ என்று இருந்தது. நெஃபெலோமெட்ரி என்னும் ஆய்வக அளவீட்டு முறைக்கு வைத்த தமிழ்ப்பெயராம் அது. பார்க்கும் இடத்திலெல்லாம் இந்த ‘மேக அளவியலை’த் திருத்துகிறேன். மறுபடி முளைக்கிறது.

கிரேக்கத்தில் நெஃபெலே என்றால் மேகம், மெட்ரான் என்றால் அளவு. வேர் அவ்வளவுதான். அணு எடை ஆய்வுகளுக்காக 1914-இல் வேதியியல் நோபல் பெற்ற தியோடர் ரிச்சர்ட்ஸ், அந்த ஆய்வுகளுக்கென்றே உருவாக்கிய கருவி நெஃபெலோமீட்டர்.

சரி, இன்றைய இரத்தப் பரிசோதனையில் அது என்ன செய்கிறது? சீரத்தில், அதாவது இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில், அளக்க வேண்டிய புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைச் சேர்க்கிறார்கள். இம்யூனோகுளோபுலின்கள், சி-ரியாக்டிவ் புரதம் எல்லாம் இப்படி அளக்கப்படுபவைதான். புரதமும் எதிர்ப்பொருளும் பிணைந்து நுண்துகள்களாகும். ஒளிக்கதிர் அவற்றில் பட்டுச் சிதறும். ஒளியை அளக்கும் உணரி கதிருக்கு நேரெதிரே இருக்காது, கோணம் தள்ளி இருக்கும். இருட்டறையின் கதவிடுக்கில் நுழையும் வெயிலில் தூசி மின்னுவதைப் பக்கவாட்டில் நின்று பார்க்கிறோமே, அதேதான்.

இதில் மேகம் எங்கே வந்தது? ‘மேக அளவியல்’ என்று படிப்பவர் வானிலை ஆய்வு என்றுதான் நினைப்பார்.

இன்னும் சிலர் ‘கலங்கல் அளவியல்’ என்கிறார்கள். நல்ல தமிழ்ச்சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது டர்பிடிமெட்ரிக்கு உரியது. அங்கே உணரி நேரெதிரே நின்று, கலங்கலைத் தாண்டி வரும் ஒளி எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறது. ஒன்று சிதறி வந்த ஒளியை அளக்கிறது, மற்றது குறைந்துபோன ஒளியை. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் மாணவர் எப்படிப் பிரித்தறிவார்?

நான் எழுதுவது ‘சிதறொளி அளவியல்’. ஒளிச்சிதறல் பள்ளிப் பாடத்திலேயே பழகிய சொல். சிதறொளி வினைத்தொகை, சிதறிய, சிதறுகிற, சிதறும் ஒளி மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.

மூலச்சொல்லின் வேரை விடலாமா என்று கேட்கிறார்கள். ஆக்சிஜனின் வேருக்கு ‘அமிலத்தை உண்டாக்குவது’ என்று பொருள். அதைப் பார்த்தா உயிர்வளி என்றோம்? அது செய்யும் வேலையைப் பார்த்துத்தானே பெயர் வைத்தோம்! அகராதியை மட்டும் விரித்துவைத்து மொழிபெயர்ப்பவர்கள் கருவியின் படத்தை ஒரு நிமிடம் பார்த்திருந்தாலே மேகம் கலைந்திருக்கும்.

அந்தக் கையேட்டில் பதினோரு இடங்களில் சிதறொளி என்று மாற்றி அனுப்பியிருக்கிறேன். டர்பிடிமெட்ரி வரும் இடங்களில் கலங்கல் அப்படியே இருக்கிறது.