குரல் எங்கே தொலைகிறது? மாணவர் குறும்படங்களில் ஒலிப்பதிவின் பௌதிகம்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள தொடர்மாடி ஒன்றில் ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 4 மீற்றர், அகலம் 3.5, உயரம் 3. தரையில் டைல்ஸ், சுவரில் பூச்சு, ஒரு பக்கம் கண்ணாடி யன்னல், மேலே மின்விசிறி. கொழும்பில் ஊடகம் படிக்கும் பிள்ளைகள் பலர் தங்கள் முதற் குறும்படத்தை இப்படியோர் அறையில்தான் எடுக்கிறார்கள். வீதியில் எடுக்க அனுமதி வாங்குவதைவிட வீட்டுக்காரரைச் சம்மதிக்கவைப்பது சுலபம். இரண்டு நடிகர்கள், ஒரு மேசை, இரண்டரை மீற்றர் தள்ளிக் கமரா. போட்டுப் பார்த்தால் முகம் துலக்கமாக இருக்கிறது. பேச்சோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. மைக் சரியில்லை என்று உடனே விலை கூடிய ஒன்றைத் தேடத் தொடங்குவார்கள். பெரும்பாலும் கோளாறு மைக்கில் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது.

வாயிலிருந்து புறப்படும் ஒலி மைக்குக்கு இரண்டு வழியாக வந்து சேர்கிறது. ஒன்று நேராக வருவது. மற்றது சுவர், தரை, கண்ணாடி என்று முட்டி முட்டிச் சுற்றி வருவது. நேராக வருவது தூரம் கூடக் கூட மெலியும்: தூரம் இரு மடங்கானால் 6 டெசிபல் (ஒலியின் வலுவை அளக்கும் அலகு) குறையும். சுற்றி வருவது அப்படியல்ல. அது அறை முழுக்க ஏறத்தாழ ஒரே அளவில் நிறைந்து நிற்கும். மைக்கை எந்த மூலையில் வைத்தாலும் அதன் பங்கு பெரிதாக மாறாது. ஆகவே வாய்க்குப் பக்கத்தில் குரல் மேலோங்கும், தள்ளிப் போகப் போக அறை மேலோங்கும். இரண்டும் சமமாகும் தூரம்தான் ஒலிப்பதிவாளருக்கு முக்கியம், அதைக் கணக்குப் போட்டே அறியலாம்.

அதற்கு முதலில் அறையின் முழக்கம் அடங்க எவ்வளவு நேரமாகும் என்று தெரிய வேண்டும். ஒலி 60 டெசிபல் விழ எடுக்கும் நேரமே அது. 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சு விளங்கவில்லை என்ற முறைப்பாட்டைத் தீர்க்கும் வேலை வொலஸ் சபின் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் வந்தது. அவர் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஓர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, சத்தம் அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அதிலிருந்து பிறந்த விதி எளிது: அறையின் கனவளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் பிரித்தால் நேரம் செக்கனில் கிடைக்கும்.

நமது அறையின் கனவளவு 42 கன மீற்றர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 73 சதுர மீற்றர். பூச்சும் டைல்ஸும் ஒலியை உறிஞ்சுவது மிகக் குறைவு. ஆட்கள், மேசை, கதிரை எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரியாக 7 வீதம் என்று வைத்தால் உறிஞ்சும் பரப்பு சுமார் 5 சதுர மீற்றர். முழக்கம் அடங்க 1.3 செக்கன். இப்போது கனவளவை அந்த நேரத்தால் பிரித்து, வர்க்கமூலம் கண்டு, 0.057ஆல் பெருக்குங்கள். குரலும் அறையும் சமமாகும் தூரமாக வருவது 0.32 மீற்றர், ஏறத்தாழ ஓர் அடி! எல்லாப் பக்கமும் கேட்கும் ஒரு மைக்கை வாயிலிருந்து ஓர் அடிக்கு அப்பால் கொண்டுபோனால் குரலைவிட அறையையே அதிகம் பதிகிறோம் என்று அர்த்தம். இரண்டரை மீற்றர் தள்ளி நிற்கும் கமராவில் அறை முழக்கம் நேர்க்குரலைவிட 18 டெசிபல் ஓங்கி நிற்கும், சக்தியில் சுமார் 60 மடங்கு. அடுக்கடுக்காகக் குவிந்த அந்த முழக்கத்துக்குள் இருந்து குரலை மட்டும் எந்த மென்பொருளாலும் பழுதில்லாமல் பிரித்தெடுக்க முடியாது.

தமிழ்ப் பேச்சுக்கு இதில் இன்னொரு தொல்லை உண்டு. பட்டம், பக்கம், அப்பா என்று சொல்லும்போது இரட்டிக்கும் வல்லினத்தில் வாய் ஒரு கணம் முழுதாக மூடிக்கொள்கிறது. செக்கனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அங்கே மௌனம் இருக்கும். பட்டம் படம் ஆகாமல் காதுக்குக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த மௌனம்தான். 1.3 செக்கன் முழங்கும் அறையில் அந்தப் பத்திலொரு பங்கு நேரத்தில் ஒலி விழுவது வெறும் 4.6 டெசிபல். முந்திய உயிரெழுத்தின் வால் மௌனத்தை நிரப்பிவிடுகிறது. அரை செக்கனில் அடங்கும் அறையென்றால் அதே இடைவெளியில் 12 டெசிபல் விழும். இலங்கை வானொலி அறிவிப்பாளர்களின் உச்சரிப்பை மெச்சும்போது, ஒலியை விழுங்கும் கலையகச் சுவர்களுக்கும் வாய்க்கருகே இருந்த ஒலிவாங்கிக்கும் கொஞ்சம் பங்கு கொடுக்கலாம்.

ஆக, செய்ய வேண்டியவை இரண்டு: மைக்கை நெருக்குவது, அறையை அடக்குவது. நெருக்குவதற்கே முதலிடம், அதற்குக் காசு தேவையில்லை. இரண்டரை மீற்றரிலிருந்து அரை மீற்றருக்கு வந்தால் நேர்க்குரல் 14 டெசிபல் கூடும். மைக்கை ஒரு நீண்ட கோலில் கட்டி, நடிகரின் தலைக்கு மேலே சற்று முன்னால் பிடித்து, வாயை நோக்கிச் சரிக்க வேண்டும். கமராவில் மைக் தெரியும் வரை இறக்குங்கள். தெரிந்ததும் அதை நான்கு விரல் அளவு உயர்த்துங்கள். அதுதான் இடம். கோலில் விரல்கள் உராய்ந்தால் மைக்கில் கேட்கும், மோதிரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும். வயரைக் கோலைச் சுற்றி இறுக்கிக் கட்டாவிட்டால் அது தட்டித் தட்டிச் சத்தம் போடும். விளக்கு எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் நின்றால் கோலின் நிழல் முகத்தில் விழாது.

அறையை அடக்க முட்டைத் தட்டு ஒட்டுவது வீண் வேலை. ஒற்றைக் கட்டில் மெத்தை மூன்று கிடைத்தால் கமராவுக்குத் தெரியாத பக்கம் நிறுத்துங்கள். மூன்றும் சேர்ந்து 5 சதுர மீற்றர், முழக்கம் 1.3 செக்கனிலிருந்து சுமார் 0.8க்கு இறங்கும். மெத்தை இல்லையென்றால் தடித்த போர்வைகள். அவற்றைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கயிற்றில் தொங்கவிட்டால் இன்னும் தாழ்ந்த சுருதிகளையும் பிடிக்கும். மெல்லிய யன்னல் சீலை உயர்ந்த சுருதிகளை மட்டுமே தின்னும். அடியில் உறுமல் அப்படியே இருக்கும்.

நீளமான ஷொட்கன் மைக் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: அது தூரத்துக் குரலை இழுத்து எடுக்கும் என்று. அது எதையும் இழுப்பதில்லை. குழாயின் பக்கவாட்டில் உள்ள பிளவுகள் வழியே பக்கத்து ஒலி வெவ்வேறு தூரம் கடந்து உள்ளே வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த அழிப்பு குழாயின் நீளத்தைவிடக் குறுகிய அலைகளுக்கே நன்றாக நடக்கும். 25 சென்ரிமீற்றர் குழாய் என்றால் சுமார் 1400 ஹேர்ட்ஸுக்கு மேல்தான். அதற்குக் கீழே அது சாதாரண மைக்கைப்போலவே நடந்துகொள்ளும். வெளியில் இது பெரும் உதவி. சிறிய அறைக்குள்ளோ பக்கத்திலிருந்து திரும்பி வரும் முழக்கத்தில் சில சுருதிகள் வெட்டுப்பட்டு, சில தப்பி, குரலுக்கு ஒரு தகர நிறம் வந்துவிடும். உள்ளே எடுக்கும்போது குழாய் இல்லாத, முன்னாலிருந்து வரும் ஒலியையே அதிகம் எடுக்கும் ஹைப்பர்கார்டியொயிட் வகையே நல்லது. அது நமது ஓர் அடியை இரண்டு அடியாக்கித் தரும்.

இவை இல்லாதவர்களுக்கு, உடையில் பொருத்தும் சிறிய கொலர் மைக் இருக்கிறது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கும்போது பிளக்கைப் பாருங்கள். இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் கமராவுக்கு. மூன்று இருந்தால் போனுக்கு. மாற்றிச் செருகினால் கருவி மைக்கைக் காணாது, தன் சொந்த மைக்கிலேயே பதிந்துகொண்டிருக்கும், வீடு வந்து கேட்கும்வரை தெரியாது. பதிவைத் தொடங்குமுன் கொலர் மைக்கை நகத்தால் மெதுவாகச் சுரண்டினால் எது பதிகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். தாடையிலிருந்து ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில் பொருத்துங்கள். நைலோன் சேலையும் பொலியெஸ்டர் சட்டையும் சரசரக்கும், பருத்தி அமைதி. வயரில் ஒரு சிறு வளையம் விட்டு மருந்துக்கடை பிளாஸ்டரால் ஒட்டினால் இழுப்பு மைக்குக்குப் போகாது. கம்பியில்லா வகைகளில் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. மனித உடலின் நீர் அந்த அலையை நன்றாகவே விழுங்கும். அனுப்பியை முதுகுப்பக்கம் செருகிவிட்டு நடிகர் கமராவைப் பார்த்து நின்றால் குரல் விட்டு விட்டு வரும்.

இனி இரைச்சல். மின்விசிறியை நிறுத்தத்தான் வேண்டும்; வேர்க்கும், ஆகவே வசனத்தைச் சிறு சிறு துண்டுகளாக எடுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைக் கழற்றினால் வீட்டுச் சாவியை அதற்குள் வைப்பது படப்பிடிப்புக்காரர்களின் பழைய வழக்கம்: திரும்ப இயக்காமல் யாரும் வீட்டைப் பூட்டிப்போக முடியாது. கடலோரப் பாதையில் காலையும் மாலையும் அலுவலக ரயில்கள் அடிக்கடி ஓடும், நடுப்பகல் மேல். பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டு வந்தால் நிறுத்திக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அது வசனத்துக்கு அடியில் விழுந்துவிட்டால், காட்சியை வெட்டி ஒட்டும்போது மெட்டும் துண்டு துண்டாகக் குதிக்கும். காகங்களோடு சமாதானம் செய்துகொள்ளலாம், கொழும்புக் காட்சியில் காகம் கரைவது உறுத்தாது.

உறுத்துவது இரைச்சலைவிட இரைச்சல் மாறுவது. ஒரு ஷொட்டில் தூரத்து வாகன முணுமுணுப்பு, அடுத்ததில் அது இல்லை என்றால் வெட்டு காதில் குத்தும். அதனால் ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் அசையாமல் நிற்க, வெறும் அறையின் சத்தத்தை ஒரு நிமிடம் பதிந்து வாருங்கள். தொகுக்கும்போது வெட்டுகளுக்கு அடியில் அதை விரித்தால் பொருத்து தெரியாது. ஆட்கள் கலைந்துபோன பிறகு பதிந்தால் பயன் குறைவு. உடல்களும் ஒலியை உறிஞ்சுபவைதானே.

பதிகருவியின் அளவுகோலில் 0தான் உச்ச எல்லை; வசனத்தின் உச்சி அதற்குக் கீழே −12 டெசிபலைத் தொட்டால் போதும். 0ஐத் தாண்டினால் அலையின் முடி வெட்டுப்பட்டுப்போகும், அது மீளாது. 24 பிட்டில் பதியும்போது மெல்லிய ஒலிகளுக்கும் அடியில் இடம் தாராளம். 32 பிட் ஃப்ளோட் பதிகருவியில் மட்டம் தவறினாலும் பின்னர் சரிசெய்யலாம், ஆனால் மைக் தூரத்தை அது சரிசெய்யாது. போனில் தானியங்கி மட்டக் கட்டுப்பாட்டை அணைத்து வையுங்கள். இல்லையேல் நடிகர் பேச்சை நிறுத்தும் இடமெல்லாம் அது அறைச் சத்தத்தைத் தூக்கிவிட்டு, அடுத்த சொல்லில் கீழே தள்ளும். ஹெட்போனில் சீரான ஓர் உறுமல் கேட்டால் பெரும்பாலும் அது நமது 230 வோல்ட் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பற்றரியில் ஓடவிட்டுப் பாருங்கள்.

ஒலியைத் தனிக்கருவியில் பதிந்தால் படத்தோடு இணைக்க ஒரு கைதட்டல் வேண்டும். உள்ளங்கைகள் சேரும் பிரேமும் ஒலி அலையில் செங்குத்தாக எழும் ஊசியும் ஒரே கணம். 48 கிலோஹேர்ட்ஸில் பதியுங்கள். காணொளித் தொழிலின் வழக்கம் அதுவே. நீண்ட நேர்காணல்களில் முடிவிலும் ஒரு தட்டல் அவசியம். இரு கருவிகளின் படிகக் கடிகாரங்களுக்கு இடையே பத்து இலட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே அரை மணி நேரத்தில் 36 மில்லிசெக்கன் விலகும், நொடிக்கு 25 பிரேமில் அது கிட்டத்தட்ட ஒரு பிரேம். அரை மணிக்குப் பல பிரேம் விலகினால் சந்தேகிக்க வேண்டியது போனை. பல போன்கள் பிரேம் வேகத்தை ஓட ஓட மாற்றிக்கொள்கின்றன. தொகுக்குமுன் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட வேண்டும். தட்டுபவர் கமராவின் மைக்கிலிருந்து 14 மீற்றர் தள்ளி நின்றாலும் ஒரு பிரேம் பிந்தும்: நமது வெக்கையில் ஒலி செக்கனுக்குச் சுமார் 349 மீற்றர்தான் ஓடுகிறது.

காலிமுகத்திடலில் எடுப்பவர்களுக்குச் சுவர் இல்லை, காற்று இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேரே அடிக்கும். மைக்கின் விளிம்பில் காற்று சுழன்று உடைவதுதான் அந்தத் தடதடப்பு. பஞ்சு உறை அறைக்குள் வாய்மூச்சுக்கு மட்டும் போதும். திடலுக்கு நீண்ட மயிருள்ள உறை வேண்டும், அது காற்றின் வேகத்தைப் படிப்படியாகக் கரைக்கிறது. பதிகருவியில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தானை அழுத்துங்கள், அதற்குக் கீழே பேச்சு அநேகமாக இல்லை. ஏசி அறையிலிருந்து எடுத்துப்போன மைக்கைப் பைக்குள்ளேயே அரை மணி நேரம் சூடேற விடுங்கள். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படிந்தால் மைக் பொரியும். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் அலையும் காற்றும் வசனத்தை விழுங்கினால், காட்சி முடிந்த கையோடு நடிகரை நிறுத்திவைத்த கார் ஒன்றுக்குள் ஏற்றி, கண்ணாடிகளை மூடி, இயந்திரத்தையும் ஏசியையும் அணைத்து, அதே வரிகளைப் பேசவையுங்கள். இருக்கைத் துணியும் கூரைத் துணியும் முழக்கத்தை விழுங்கிவிடும். எடுத்த காட்சியின் ஒலியை ஒரு காதில் கேட்டபடி மூன்று முறை சொல்லட்டும். ஒன்று உதட்டோடு பொருந்தும், பொருந்தாத இடத்தில் கேட்பவரின் முகத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். மறுநாள் வைத்தால் மூச்சும் வேகமும் மாறிவிடும்.