'டு' எங்கே, 'இங்' எங்கே: லிஸ்ட் கேட்கும் பிள்ளைகளுக்கு

"சேர், எதுக்குப் பின்னால 'டு', எதுக்குப் பின்னால 'இங்' எண்டு ஒரு லிஸ்ட் தாங்கோ."

சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் யாழ்ப்பாணத்து ஆங்கில ரியூசன் வகுப்புகளில் கட்டாயம் எழும் கோரிக்கை இது: எந்த வினைக்குப் பின்னால் 'டு' (to), எந்த வினைக்குப் பின்னால் 'இங்' (-ing)? லிஸ்ட் கொடுப்பது சுலபம். என்ஜோய், அவோய்ட், ஃபினிஷ், மைண்ட் 'இங்' பக்கம். வோன்ட், ஹோப், டிசைட், பிரோமிஸ் 'டு' பக்கம். போட்டோக்கொப்பி அடித்துக் கொடுத்தால் பிள்ளை இரவிரவாகப் பாடமாக்கிவிடும். இடைவெளி நிரப்பும் கேள்வியில் புள்ளியும் வரும். பிறகு அதே பிள்ளை கட்டுரையில் 'ஐ என்ஜோய் டு ரீட்' என்று எழுதி வைக்கும்.

பெற்றோர் இதைக் கவனக்குறைவு என்பார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. வாசிக்க விருப்பம், வாசிக்க வேணும், வாசிக்கத் தொடங்கினன், வாசிக்கத் தெரியும், வாசிக்க ஏலும் என்று எல்லாவற்றுக்கும் நம்மிடம் 'வாசிக்க' ஒன்றே போதும். பிள்ளை அந்த 'வாசிக்க'வை எடுத்து, எல்லா இடத்திலும் 'டு ரீட்' என்று வைக்கிறது. 'ஐ கேன் டு ரீட்' என்ற பிழையும் அந்த வழியாகத்தான் வருகிறது. பிழைக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதைப் பிடித்தால் திருத்தலாம்.

பிடிப்பதற்கான கருவி தமிழ்ப் பாடக் கொப்பியிலேயே கிடக்கிறது. 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம், அதாவது இந்த 'வாசிக்க' போன்ற வடிவம், படித்த பிள்ளைகள்தானே இவர்கள். 'மழை பெய்ய நெல் விளைந்தது' என்றால் பெய்தது காரணம். 'நெல் விளைய மழை பெய்தது' என்றால் விளைவது காரியம். 'ஞாயிறு பட வந்தான்' (சூரியன் மறைய வந்தான்) என்பதில் இரண்டும் இல்லை. ஒரே எச்சத்துக்கு இத்தனை வேலை. ஆங்கில 'டு'வோ பெரும்பாலும் நடுவில் உள்ள காரியப்பொருளோடுதான் ஒத்துப்போகும்: இனி நடக்க வேண்டியது, நோக்கம், எண்ணம். நடந்துகொண்டிருப்பதையும் நடந்து முடிந்ததையும் ஒரு பொருளைப்போலப் பெயராக்கிப் பேசும்போது, 'வாசித்தல்', 'வாங்குவது' போன்ற நம் தொழிற்பெயரின் இடத்தில் 'இங்' வந்து உட்காரும்.

இதைக் காட்ட 'ஸ்டொப்' போல நல்ல சொல் வேறில்லை. 'வி ஸ்டொப்ட் டு பை மேங்கோஸ்' என்றால், சுன்னாகத்தில் வாகனத்தை நிறுத்தி மாம்பழம் வாங்கினோம். 'வி ஸ்டொப்ட் பையிங் மேங்கோஸ்' என்றால், விலை ஏறியதோ என்னவோ, மாம்பழம் வாங்குவதையே விட்டுவிட்டோம். இரண்டும் சரியான ஆங்கிலம், ஆனால் வீட்டுக்கு மாம்பழம் வருவது ஒன்றில்தான். 'ரிமெம்பர்' என்பதும் அப்படியே. 'ரிமெம்பர் டு லொக் த டோர்' என்றால் கதவு இன்னும் பூட்டப்படவில்லை. 'ஐ ரிமெம்பர் லொக்கிங் த டோர்' என்றால் பூட்டியாயிற்று, பூட்டியது ஞாபகத்தில் இருக்கிறது. இந்த நான்கு வசனங்களையும் கரும்பலகையில் போட்டு, எது முதலில் நடந்தது என்று மட்டும் கேளுங்கள். பின்வாங்கில் இருப்பவரும் பதில் சொல்வார்.

இது முழு விதி என்று விற்க மாட்டேன். 'சஜெஸ்ட்', 'கொன்சிடர்', 'அவோய்ட்' எல்லாம் இனி நடக்கப்போவதைப் பற்றியே பேசினாலும் 'இங்'தான் கேட்கும். அவற்றைத் தனிச் சொல்லாக எழுதிப் பாடமாக்காமல், 'அவோய்ட் ஈட்டிங் லேட்' என்று முழுத் தொடராக வாயில் பழக்க வேண்டும். லிஸ்டுக்கும் ஓர் இடம் இருக்கிறது, கடைசி இடம்.

வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களிடம் நான் அதிகம் திருத்துவது வேறொன்று: 'லுக்கிங் ஃபோவேர்ட் டு மீட் யூ'. 'டு'வுக்குப் பின்னால் 'இங்' வராது என்று சின்ன வகுப்பில் யாரோ அடித்துச் சொல்லிக்கொடுத்ததன் விளைவு. இந்த 'டு' அந்த 'டு' இல்லை. இது நமது நான்காம் வேற்றுமை 'கு'வைப் போன்றது, பெயரோடுதான் ஒட்டும். சோதனை எளிது: பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபோவேர்ட் டு த ஹொலிடேய்ஸ்' சரியாக நிற்கிறது. ஆகவே வினை வந்தால் 'மீட்டிங்'. நேர்முகத் தேர்வில் 'ஐ ஆம் யூஸ்ட் டு வேர்க் அட் நைட்' என்று சொல்பவர்களுக்கும் இதே சோதனை: இரவு வேலை எனக்குப் பழக்கம் என்று சொல்ல 'வேர்க்கிங்'. 'ஆம்' இல்லாத 'ஐ யூஸ்ட் டு வேர்க்' என்பது முன்பு வேலை செய்தேன், இப்போது இல்லை என்ற வேறு கதை. வேலை தருபவர் எதைக் கேட்டு எதை விளங்கிக்கொள்வாரோ!

'பிகின்', 'ஸ்டார்ட்' இரண்டிலும் சிவப்புப் பேனையைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். 'இட் ஸ்டார்டட் டு ரெயின்', 'இட் ஸ்டார்டட் ரெயினிங்' இரண்டும் ஒன்றுதான். ஆசிரியர் கொப்பியில் ஒன்று இருக்கிறது என்பதற்காக மற்றதை வெட்டும் பழக்கம் இங்கே நிறைய உண்டு. 'இட்ஸ் ஸ்டார்டிங் ரெயினிங்' என்று எழுதினால் மட்டும் திருத்துங்கள். 'ஸ்டார்டிங்', 'பிகினிங்' என்பவற்றுக்குப் பின்னால் உடனே இன்னோர் 'இங்' வருவது ஆங்கிலக் காதுக்கு ஒத்துவராது. அந்த இடத்தில் 'டு ரெயின்' போடச் சொல்லுங்கள்.