பென்டிமென்டோ: ஓவியர் மனம் மாறிய இடம்

மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில், ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பு குதிரைமேல் அமர்ந்திருக்கும் பெரிய எண்ணெய் ஓவியம் ஒன்று உள்ளது. 1635 வாக்கில் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கஸ் தீட்டியது. குதிரையின் பின்னங்கால்களை உற்றுப் பார்த்தால், அருகிலேயே வேறு கால்கள் மங்கலாகத் தெரியும். முதலில் வரைந்த நிலை பிடிக்காமல் அவர் அதைப் பூசி மறைத்துவிட்டு, சற்றுத் தள்ளி மீண்டும் வரைந்திருக்கிறார். மறைத்தது பின்னாளில் வெளியே வந்துவிட்டது. இப்படிப் புலப்படும் பழைய வடிவத்துக்குத்தான் பென்டிமென்டோ என்று பெயர்.

சொல் இத்தாலியம். செய்ததற்கு வருந்துதல் என்று பொருள்படும் 'பென்டிர்சி' என்ற வினையிலிருந்து வந்தது. அதற்கு வேர் லத்தீனில் இருக்கிறது. இன்றும் இத்தாலியர் பாவத்துக்காக வருந்துவதைப் பென்டிமென்டோ என்றே சொல்கிறார்கள். பன்மை, பென்டிமென்டி.

எண்ணெய் ஓவியத்தில் இது அடிக்கடி நேர்வதற்கு வேதியியல் காரணம் உண்டு. ஈரச் சுண்ணத்தில் தீட்டும் சுவரோவியத்தில் பெரிய மாற்றம் செய்ய வேண்டுமானால் பூச்சையே கொத்தி எடுக்க வேண்டும். எண்ணெய் வண்ணத்திலோ மேலேயே பூசிவிடலாம். ஆனால் ஆளி விதை எண்ணெய் பழையதாக ஆக அதன் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) கூடி, நிறமியின் ஒளிவிலகல் எண்ணுக்கு அருகே வருகிறது; அதனால் பூச்சுக்குள் ஒளி சிதறுவது குறைகிறது. ஈய வெள்ளை என்ற நிறமியும் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களோடு வினைபுரிந்து சோப்பு போன்ற சேர்மமாக மாறுகிறது. மேல்பூச்சின் ஊடே ஒளி புகத் தொடங்குகிறது.

அடியில் கிடப்பதெல்லாம் பென்டிமென்டோ ஆகிவிடாது. மாற்றியவர் அந்த ஓவியராகவே இருக்க வேண்டும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் டச்சு ஓவியர் வெர்மீர் தீட்டிய, ஜன்னலருகே கடிதம் படிக்கும் பெண்ணின் ஓவியம் இருக்கிறது. 1742-இல் சாக்சனி ஆட்சியாளர் அதை வாங்கியபோது ரெம்பிராண்ட் ஓவியம் என்றே நினைத்தார்கள். அவளுக்குப் பின்னே இருந்தது வெற்றுச் சுவர். 1979-இல் எக்ஸ்ரே எடுத்தபோது அந்தச் சுவரில் காதல் தேவன் க்யூபிட் நின்றான். வெர்மீரே மனம் மாறி மறைத்துவிட்டார் என்றுதான் பல ஆண்டுகள் எழுதிவந்தார்கள். 2017-இல் புதுப்பிப்புப் பணி தொடங்கியபின், க்யூபிட்டுக்கும் மேல்பூச்சுக்கும் இடையே பழைய வார்னிஷும் அழுக்கும் படிந்திருப்பது தெரிந்தது. வெர்மீர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து யாரோ பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சை நீக்கி 2021-இல் ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார்கள். அதே ஓவியத்தில் வலப்பக்கம் முதலில் ஒரு பெரிய கண்ணாடிக் கோப்பை இருந்தது. அதைப் பச்சைத் திரைச்சீலையால் மறைத்தவர் வெர்மீரேதான். பென்டிமென்டோ என்ற பெயருக்கு உரியது அந்தக் கோப்பை.

ஓவியச் சந்தையில் பென்டிமென்டோவுக்கு மதிப்பு அதிகம். நகலெடுப்பவர் கண்முன் இருப்பதைப் பார்த்து வரைகிறார். யோசித்து மாற்றும் தேவை அவருக்குக் குறைவு. அதனால் பென்டிமென்டோ தெரிந்தால் அது நகல் அல்ல, மூலம் என்று வாதிடலாம். 2017-இல் சுமார் 45 கோடி டாலருக்கு ஏலம் போன 'சல்வத்தோர் முந்தி' என்ற கிறிஸ்து ஓவியம் லியோனார்டோ வரைந்ததே என்று வாதிட்டவர்கள், ஆசி கூறும் கையின் கட்டைவிரல் இடம் மாறியிருப்பதை முக்கியச் சான்றாகக் காட்டினார்கள். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. பட்டறைச் சீடரும் மனம் மாறலாமே!

தமிழில் என்ன சொல்வது? பொருளுக்கு மிக நெருங்கி வருவது 'கழிவிரக்கம்'. ஆனால் ஓவியக் குறிப்பில் அப்படி எழுதினால், படத்தில் உள்ளவர் வருந்துகிறார் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். 'அடியோவியம்' பொருந்தாது, பிறர் பூசி மறைத்ததையும் அது உள்ளடக்கிவிடும். 'அடித்தல் திருத்தல்' தேர்வுத்தாளை நினைவூட்டுகிறது. 'திருத்தச் சுவடு' என்பதே என் தேர்வு: திருத்தியது ஓவியர், எஞ்சியது சுவடு. "குதிரையின் பின்னங்கால்களில் திருத்தச் சுவடுகள் தெரிகின்றன" என்று எழுதினால் அடிக்குறிப்பு இல்லாமலே விளங்கும்.