ஹோம் தியேட்டர் ஏன் ‘ஊம்’ என்கிறது?

“பதினைந்து வருடத்துக்கு முன் வாங்கிய 5.1 ஹோம் தியேட்டர். டிவிடி ஓடவில்லை. ஆன் செய்ததுமே ‘ஊம்ம்’ என்று சத்தம். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

போட வேண்டாம். டிவிடி லென்ஸ் போனால் போகட்டும், ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் அதோடு போய்விடுவதில்லை. பெரும்பாலான செட்டுகளில் பின்பக்கம் ஆக்ஸ் (வெளியிலிருந்து ஒலியை உள்ளே கொடுக்கும் துளை) இருக்கும். அதில் ப்ளூடூத் ரிசீவர் ஒன்றை மாட்டினால் செல்போன் பாட்டு கேட்கலாம். டிவியில் ஆப்டிகல் அவுட் (ஒலி டிஜிட்டலாக, ஒளி வடிவில் வெளியே வரும் துளை) மட்டும் இருந்தால், டிஜிட்டலை அனலாக் ஆக்கும் சின்னப் பெட்டி ஒன்று நடுவில் வேண்டும். வருவது இரண்டு சேனல்தான், ஐந்து ஸ்பீக்கருக்கும் வூஃபருக்கும் தனித்தனியாகப் பிரியும் 5.1 கிடைக்காது. ஆனாலும் விரல் தடிமன் டிவியால் அந்த வூஃபர் அளவுக்குக் காற்றைத் தள்ள முடியாது.

சரி, ‘ஊம்’ விஷயம். ஸ்பீக்கர் ஒயர்களை விட்டுவிட்டு, உள்ளே வரும் ஒயர்களை எல்லாம் பிடுங்கி, வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். சத்தம் நின்றால் கோளாறு பெரும்பாலும் அந்த ஒயரிலோ அது வரும் கருவியிலோ. நிற்காவிட்டால் பெரும்பாலும் பவர் சப்ளையில் இருக்கும் கண்டன்சரில். பாடப்புத்தகத்தில் மின்தேக்கி.

நம் கரண்ட் நொடிக்கு 50 சுழற்சி. டயோடுகள் அதை ஒரே திசையில் திருப்பும்போது நொடிக்கு 100 மேடுகளாக வரும். மேட்டில் நிரம்பி, பள்ளத்தில் திருப்பித் தருவது கண்டன்சரின் வேலை. விட்டுவிட்டு வரும் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, குழாயில் சீராக விடுவதுபோல. தொட்டி சுருங்கினால் அந்த 100 மேடு பள்ளமும் ஸ்பீக்கருக்குப் போய்விடும்.

ஏன் சுருங்குகிறது? என் வீட்டு செட்டில் கழற்றிய ஒன்றை அறுத்துப் பார்த்தேன். மூடி பணியாரம்போல உப்பியிருந்தது. உள்ளே இரண்டு அலுமினியத் தாள், நடுவே காகிதம், எல்லாம் பாயாகச் சுருட்டியிருந்தது. தட்டு பெரிதாக, இடைவெளி குறுகலாக இருந்தால் கொள்ளளவு கூடும் என்று படித்திருப்போம். இந்த இரண்டு தாள்தான் இரண்டு தட்டு என்று தோன்றும். இல்லை! ஒரு தாளின் மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் வளர்த்திருக்கிறார்கள். 25 வோல்ட் கண்டன்சரில் அதன் தடிமன் சுமார் 50 நானோமீட்டர், தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. இடைவெளி அவ்வளவுதான். தாளையும் அரித்து நுண்ணிய குழிகளாக்கிப் பரப்பைப் பல மடங்கு பெருக்கியிருக்கிறார்கள். அந்தக் குழிக்குள் இன்னொரு தாள் நுழையாது, காகிதத்தில் ஊறிய திரவம் நுழையும். அந்தத் திரவம்தான் இரண்டாவது தட்டு. மற்ற தாள் அதற்குக் கரண்ட் கொண்டுவருகிறது, அவ்வளவே.

இதைவிட அழகு ஒன்று உண்டு. படலத்தில் எங்காவது கீறல் விழுந்தால் அங்கே கொஞ்சம் கரண்ட் கசியும். அந்தக் கசிவே திரவத்திலிருந்து ஆக்சிஜனைக் கொண்டுவந்து அலுமினியத்தோடு சேர்த்துக் கீறலை மூடிவிடும். புண் தானாக ஆறுவதுபோல! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு கண்டன்சரைப் பிரித்துக் காட்ட வேண்டும். இதற்குக்கூடப் பணம் ஒதுக்காத ஆய்வகத்தில் பிள்ளைகள் சூத்திரத்தைத்தான் மனப்பாடம் செய்வார்கள். ஓடாத பொருள் வீட்டில் இருந்தால் ஆகாது என்று போகிக்குத் தூக்கிப் போடும் பழக்கமும் அப்புறம் எப்படிப் போகும்?

அந்தத் திரவம் அடியிலுள்ள ரப்பர் வழியாக வருடக்கணக்கில் மெல்ல ஆவியாகிறது. சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். செட்டின் மேல் செட்டாப் பாக்ஸை வைக்காதீர்கள்.

கண்டன்சரை மாற்றும்போது அதே மைக்ரோ ஃபாரட் (கொள்ளளவின் அலகு), அதே வோல்ட் அல்லது கூடுதல், 105 டிகிரி தாங்குவது. பிளஸ் மைனஸ் மாறவே கூடாது, மாறினால் வெடிக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். மல்டிமீட்டர் வைத்து வோல்ட் பார்க்காமல் தொடாதீர்கள். கனமான ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத, எஸ்எம்பிஎஸ் என்ற வகை பவர் சப்ளை உள்ள செட் என்றால் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், மெக்கானிக்கிடமே கொடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் நேரே பிளக்கில் செருகாமல், 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில், அதாவது செட்டுக்குப் போகும் கரண்ட் அதன் வழியாகவே போகும்படி, வைத்துப் போடச் சொல்லுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் சரி, காலித் தொட்டி நிரம்பியதைத்தான் பார்த்தீர்கள். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், அணைத்துவிடுங்கள்.