மீந்த கருவுக்குத் தனிக் கையெழுத்து வேண்டும்

ஐவிஎஃப் எனும் செயற்கைக் கருத்தரிப்பு முடிந்து குழந்தையும் பிறந்தபின், ஃப்ரீசிங்கில் மீந்த கருக்களை ஸ்டெம் செல் (உடலின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய செல்) ஆராய்ச்சிக்குத் தர வருபவர்களிடம் நான் விவரம் சொல்லத் தொடங்கினாலே, "அதான் ஆரம்பத்துலயே கையெழுத்துப் போட்டாச்சே மேடம்" என்கிறார்கள். அல்சூர்க்காரர்களும் சரி, ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வருபவர்களும் சரி, இதையேதான் சொல்கிறார்கள்.

அந்தக் கையெழுத்து செல்லாது. முதல் நாள் ஊசிக்கும் மயக்க மருந்துக்கும் நீட்டிய தாள்களோடு, 'ஆராய்ச்சிக்குச் சம்மதம்' என்ற கட்டத்திலும் டிக் அடித்திருப்பீர்கள். அது விருப்பம், அவ்வளவுதான். கருவைக் கொடுக்கும் சமயத்தில் சம்மதத்தைப் புதிதாக வாங்க வேண்டும், அதுவும் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதல் சொல்வது இதுதான். குழந்தைக்காக ஏங்கி உட்கார்ந்திருந்த அன்றைய மனம் வேறு, இன்றைய மனம் வேறு.

ஐந்தாம் நாள் கருவில் நூறு, இருநூறு செல்கள் இருக்கும். உள்ளே ஓரமாக ஒட்டியிருக்கும் சின்னக் கொத்தைத்தான் எடுத்து வளர்ப்பார்கள். அதோடு கரு முடிந்துவிடும். எடுக்கும்வரை நீங்கள் மனம் மாறலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. எடுத்தபின் முடியாது, அந்தச் செல்கள் வருடக்கணக்கில் பெருகிக்கொண்டே இருக்கும். இதே பெங்களூரில், ஜவஹர்லால் நேரு அறிவியல் ஆராய்ச்சி மையத்தில், மீந்த கருக்களிலிருந்து அப்படிப் பெருகும் ஸ்டெம் செல் வரிசைகள் உருவாகியிருக்கின்றன.

"குழந்தையா வளர்த்துடுவாங்களா?" மாட்டார்கள். 14 நாளைத் தாண்டி வளர்ப்பதற்கும், ஆராய்ச்சிக் கருவைக் கருப்பையில் வைப்பதற்கும் தடை இருக்கிறது. "அப்பாவோட பார்க்கின்சன் நடுக்கத்துக்கு ஸ்டெம் செல் ஊசி கிடைக்குமா?" கிடைக்காது. தானத்துக்குப் பதிலாகச் சிகிச்சை தருவதாக யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் தருவதாகச் சொன்னாலும் அப்படியே. கருவை விற்பது, செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021 ஏஆர்டி சட்டப்படி குற்றம்.

அதே சட்டப்படி கருவை அதிகபட்சம் 10 வருடம்தான் சேமிக்கலாம். அதன்பின் அழியவிட வேண்டும், அல்லது உங்கள் சம்மதத்தோடு, பதிவுபெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தர வேண்டும்.

படிவம் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருந்தால், தமிழில் வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். மனைவிக்கும் சேர்த்துக் கணவர் மட்டும் போடும் கையெழுத்து வேண்டவே வேண்டாம். ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கான நிறுவனக் குழுவின் அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். சிகிச்சை செய்த டாக்டரேதான் ஆராய்ச்சியும் செய்கிறாரா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் வேறொருவர் வந்து விளக்கட்டும். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போக விடவில்லையென்றால், அன்றைக்குப் பேனாவைத் தொடாதீர்கள்.