ஆயிரம் அடி போருக்கு என்ன பில் வரும்?

பென்னாகரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கும் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பத்தாம் வகுப்பில் கூட்டுத் தொடர், அதாவது ஒரே அளவில் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ போகும் எண்களைக் கூட்டும் பாடம், நடத்திக்கொண்டிருக்கிறாராம். பிள்ளைகள் சூத்திரத்தைத் தலைகீழாக ஒப்பிக்கிறார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து, “கூட்டுறதுக்குத்தானே சூத்திரம், அதுல எதுக்கு டீச்சர் ரெண்டால வகுக்கிறோம்?” என்று கேட்டிருக்கிறாள். புத்தகத்தில் உள்ள நிரூபணத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பிறகும் அவளுக்குத் தெளியவில்லை. வேறு எப்படிச் சொல்வது என்று கேட்கிறார்.

அந்தப் பாடத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வியையே அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். மொத்தப் பாடமும் அந்த இரண்டுக்குள்தான் இருக்கிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர, போர் என்று நாம் சொல்லும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்காரர் சொல்லும் ரேட்டே போதும். பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டமோ, காவேரிப்பட்டினத்து மாந்தோப்போ, போர் போட்ட அனுபவம் இல்லாத குடும்பம் இங்கே குறைவு. வீட்டுத் திண்ணையில் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பிள்ளைகள் வளர்கிறார்கள். ரேட் எப்போதும் அடிக்கு இவ்வளவு என்று இருக்கும், ஆழம் போகப் போக ஏறும். அப்படி ஏறுவதற்குக் காரணம் உண்டு. இறங்க இறங்க இரும்பு ராடுகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும், முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப மேலே ஏற்ற வேண்டும். உடைத்த பாறைத்தூளை அவ்வளவு ஆழத்திலிருந்து காற்றால் ஊதித் தள்ள வேண்டும். டீசல் குடிக்கத்தானே செய்யும்.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். முதல் 100 அடிக்கு, அடிக்கு 80 ரூபாய். அடுத்த நூறுக்கு 90. அதற்கடுத்த நூறுக்கு 100. இப்படி ஒவ்வொரு நூறு அடிக்கும் 10 ரூபாய் ஏறுகிறது. நடைமுறையில் முதல் 300 அடி வரை ஒரே ரேட் வைத்து அப்புறம் ஏற்றுவார்கள், ரொம்ப ஆழத்தில் ஏற்றமும் கூடும். கேசிங் பைப் செலவு தனி. அதெல்லாம் இப்போது வேண்டாம்.

முதல் நூறு அடித் துண்டுக்கு 8,000 ரூபாய், இரண்டாவதற்கு 9,000, மூன்றாவதற்கு 10,000. இது கூட்டுத் தொடர்வரிசை. முதல் உறுப்பு 8,000, பொது வித்தியாசம் 1,000.

இனி வகுப்பில் இரண்டு கேள்விகளை அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். பத்தாவது நூறு அடிக்கு என்ன செலவு? மொத்தம் 1,000 அடிக்கு என்ன செலவு? முதலாவது ஓர் உறுப்பைக் கேட்கிறது, இரண்டாவது உறுப்புகளின் கூடுதலைக் கேட்கிறது. தேர்வில் பாதிப் பிள்ளைகள் மதிப்பெண் விடுவது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான். வெறும் எண் வரிசையாகப் பார்க்கும்போது குழப்பம் வருவது இயல்பு. ரேட்டையும் பில்லையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

முதல் கேள்வி எளிது. பத்தாவது துண்டுக்கு வருவதற்குள் ரேட் எத்தனை முறை ஏறியிருக்கும்? ஒன்பது முறை. முதல் துண்டில் ஏற்றமே இல்லையே. அதனால் 8,000 + 9 × 1,000 = 17,000. எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்துப் பொது வித்தியாசத்தால் பெருக்கச் சொல்வதற்குக் காரணம் இவ்வளவுதான்.

சரி, பில்லுக்கு வருவோம். ஆயிரங்களில் எழுதினால் கூட்ட வேண்டியது இது:

8, 9, 10, 11, 12, 13, 14, 15, 16, 17

வரிசையாகக் கூட்டிக்கொண்டே போகலாம், தப்பில்லை. அதற்கு முன் இதே வரிசையை நேர் கீழே திருப்பி எழுதிப் பாருங்கள்.

17, 16, 15, 14, 13, 12, 11, 10, 9, 8

மேலே உள்ள எண்ணையும் அதற்கு நேர் கீழே உள்ள எண்ணையும் கூட்டுங்கள். 8-ம் 17-ம் 25. 9-ம் 16-ம் 25. 10-ம் 15-ம் 25. எந்த இடத்தில் கூட்டினாலும் 25தான்.

இங்கே அவசரப்படக் கூடாது. பெரும்பாலான வகுப்புகளில் இந்த இடத்தை ஒரே வரியில் கடந்து சூத்திரத்துக்குப் போய்விடுகிறார்கள். ஏன் எல்லா இடத்திலும் ஒரே விடை வருகிறது என்று பிள்ளைகளே சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். இடமிருந்து வலமாக ஓர் அடி எடுத்து வைத்தால் மேல் வரிசை 1 ஏறுகிறது. கீழ் வரிசை அதே 1 இறங்குகிறது. மேலே வந்தது கீழே போய்விடுவதால் கூடுதல் அசையாமல் நிற்கிறது. பொது வித்தியாசம் ஒன்றாக இருந்தாலும் ஏழாக இருந்தாலும், ஏன், குறைந்துகொண்டே வரும் வரிசையாக இருந்தாலும் இது மாறாது. ஏறும் அளவு எல்லா இடத்திலும் சமமாக இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனைதான் இந்த வேலையைச் செய்கிறது. 2, 4, 8, 16 என்ற வரிசையைத் திருப்பி எழுதிப் பார்த்தால் 18, 12, 12, 18 என்று வந்து உடைந்துபோகும். பொது வித்தியாசம் என்று ஒன்றைப் பாடத்தின் முதல் நாளிலேயே ஏன் அவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பது பிள்ளைகளுக்கு இந்த இடத்தில்தான் விளங்கும்.

ஆக, 25 என்ற எண் பத்து இடங்களில் இருக்கிறது. மொத்தம் 250. ஆனால் பில்லை நாம் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை என்று இரண்டு முறை எழுதியிருக்கிறோம். நமக்கு ஒரு பில்தான் வேண்டும். ஆகவே பாதி, 125. அதாவது 1,25,000 ரூபாய். மாணவி கேட்ட இரண்டு இங்கிருந்துதான் வருகிறது. முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் கூட்டி, எண்ணிக்கையால் பெருக்கி, இரட்டிப்பாகிப்போன பில்லைப் பாதியாக்குகிறோம்.

முதலும் கடைசியும் ஒரு சோடி, இரண்டாவதும் அதற்கு எதிர்ப்பக்கமும் ஒரு சோடி என்று ஐந்து சோடியாகச் சேர்த்தும் சொல்லித்தரலாம். பலரும் அப்படித்தான் தருகிறார்கள். 500 அடிக்குக் கணக்குப் போடும்போது அது தடுமாறும். 8, 9, 10, 11, 12 என்று ஐந்து உறுப்புகள், நடுவில் 10 துணையில்லாமல் நிற்கும். ஒற்றைப்படைக்கு ஒரு விதி, இரட்டைப்படைக்கு ஒரு விதியா என்று பிள்ளைகள் குழம்புவார்கள். திருப்பி எழுதும் முறையில் அந்தச் சிக்கலே கிடையாது. ஐந்து இடத்திலும் 20, மொத்தம் 100, பாதி 50. அதாவது 50,000 ரூபாய். நடுவில் நின்ற 10 தனக்குத்தானே சோடியாகிக்கொள்கிறது.

கையால் செய்து பார்ப்பது இன்னும் நல்லது. புளியங்கொட்டைக்கு நம் மாவட்டங்களில் பஞ்சமில்லை. தாயம் விளையாட ஒரு பக்கம் தேய்த்து வைப்பது போலப் பாதிக் கொட்டைகளைத் தேய்த்து வெள்ளையாக்கிக்கொள்ளுங்கள். கறுப்புக் கொட்டைகளை 3, 5, 7, 9 என்று நான்கு வரிசையாக அடுக்குங்கள். படிக்கட்டு மாதிரி வரும். ஒவ்வொரு வரிசையின் முனையிலும் வெள்ளைக் கொட்டைகளை 9, 7, 5, 3 என்று தொடருங்கள். வரிசைக்கு 12, நான்கு வரிசை, ஓரம் நேரான செவ்வகம். மொத்தம் 48 கொட்டை, அதில் கறுப்பு 24. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இதைக் காட்டலாம், எந்தச் சூத்திரமும் தேவைப்படாது.

இந்த இடத்தில் ஜெர்மன் கணித மேதை காஸ் சிறுவனாக இருந்தபோது 1 முதல் 100 வரை நொடியில் கூட்டி 5,050 என்று சொன்ன கதையை ஆசிரியர்கள் சொல்வார்கள். அந்தக் கதை, அவர் இறந்த மறு ஆண்டு, 1856-ல் வெளியான வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருகிறது. அதில் 1 முதல் 100 என்ற எண்கள் கிடையாது, அவை பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை. கதை அழகானது, சொல்லுங்கள். கூடவே ஆரியபட்டரையும் சொல்லுங்கள். கி.பி. 499-ல், தமது 23 வயதில், எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாதியாக்கி, பொது வித்தியாசத்தால் பெருக்கி, முதல் உறுப்பைக் கூட்டினால் நடுமதிப்பு வரும், அதை எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம் வரும் என்று அவர் எழுதி வைத்தார். முதலையும் கடைசியையும் கூட்டி எண்ணிக்கையின் பாதியால் பெருக்கும் வழியும் அதே செய்யுளில் இருக்கிறது. நம் கணக்கில் அவர் வழிப்படி நடுமதிப்பு அடிக்கு 125 ரூபாய். 80, 90 என்று போய் 170-ல் முடியும் ரேட்டில் 125 என்று ஒரு ரேட்டே கிடையாது. இருந்தும் 1,000 அடி முழுக்க 125 ரூபாய் ரேட்டில் போட்டது போலத்தான் பில் வருகிறது.

இப்போது இரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 500 அடிக்கு 50,000. 1,000 அடிக்கு 1,25,000. ஆழம் இரண்டு மடங்கு, செலவு இரண்டரை மடங்கு. பிரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். ரேட் ஏறாமல் 80-லேயே நின்றிருந்தால் 40,000-ம் 80,000-ம் ஆகியிருக்கும், சரியாக இரண்டு மடங்கு. ஏற்றத்தால் வந்த பகுதி மட்டும் 10,000-லிருந்து 45,000 ஆகிறது. நாலரை மடங்கு! ஏற்றம் ஏற்றத்தின் மேல் சேர்ந்துகொண்டே போவதால் அந்தப் பகுதி கிட்டத்தட்ட ஆழத்தின் வர்க்கமாக வளர்கிறது. “வந்தது வந்தாச்சு, இன்னும் இருநூறு அடி பார்த்துடலாம்” என்று ரிக் பக்கத்தில் நின்றுகொண்டு முடிவெடுக்கும் விவசாயி ரேட்டைத்தான் கேட்கிறார். பில் எப்படி வளரும் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் சொல்லலாம்.

நம் இரண்டு மாவட்டங்களும் கடினப் பாறைப் பகுதி. மேலே சிதைந்த மண்படலத்திலும் அதற்குக் கீழே பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர் இருக்கிறது. வெடிப்பு மாட்டாவிட்டால் ஆயிரம் அடியிலும் புழுதிதான் பறக்கும். ஆழத்தில் கிடைத்தாலும் அது நல்ல தண்ணீர் என்று சொல்ல முடியாது. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. இவ்வளவு பெரிய செலவுக்கான இடத்தை, உள்ளங்கையில் தேங்காய் நிமிர்ந்து நிற்பதையும் கவைக்குச்சி வளைவதையும் வைத்து முடிவு செய்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஜெர்மனியில் 1980-களின் கடைசியில் குச்சி வைத்து நீர் பார்ப்பவர்களைப் பெரிய அளவில் சோதித்தார்கள். அந்த முடிவுகளைப் பின்னர் அலசியவர், குருட்டாம்போக்கில் வருவதைவிட மேலான திறமை எதுவும் அதில் தெரியவில்லை என்றே எழுதினார். ஊரில் தண்ணீர் வந்த போரைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், வராத போரைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. நம்பிக்கை நிலைப்பதற்கு அது போதும். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, அது எவ்வளவு தடைபடுகிறது என்று அளந்து பார்க்கும் மின்தடை ஆய்வும் எல்லா முறையும் பலிக்காதுதான். ஆனாலும் அது பாறையைப் பார்த்துச் சொல்கிறது. போடப்படும் ஒவ்வொரு போரின் ஆழம், எந்த அடியில் என்ன பாறை, எங்கே ஈரம் என்பதைப் பதிவு செய்து யாரும் பார்க்கும்படி வைக்க அரசு பணம் ஒதுக்கினால், அடுத்து போர் போடுபவருக்கு அது தேங்காயைவிட ஆயிரம் மடங்கு உதவும். இப்படிப்பட்ட பொறுமையான வேலைக்குப் பணம் கேட்டால் ஆராய்ச்சிக்கு ஒதுக்க நிதி இல்லை என்கிறோம். நிதிக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

மீண்டும் கணக்குக்கு. ஆரியபட்டர் அடுத்த செய்யுளில் கேள்வியைத் திருப்பிப் போடுகிறார்: மொத்தம் தெரியும், உறுப்புகள் எத்தனை? விவசாயியின் உண்மையான கேள்வி இதுதான். கையில் 2 லட்சம் இருக்கிறது, எத்தனை அடி போகலாம்? சூத்திரத்தில் போட்டுச் சுருக்கினால், எண்ணிக்கையின் வர்க்கத்தோடு அதன் 15 மடங்கைக் கூட்டினால் 400 என்று ஓர் இருபடிச் சமன்பாடு வருகிறது. தீர்த்தால் 13.86. பாடப்புத்தகக் கணக்கில் இப்படி வராது, அங்கே விடை முழு எண்ணாக வரும்படி எண்களைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். வகுப்பில் நீங்கள் இப்படிப்பட்ட எண்ணையே கொடுங்கள். பிள்ளைகள் பழக்கத்தில் 14 என்று முழுமையாக்கப் பார்ப்பார்கள். 14 துண்டுக்கு 2,03,000 ஆகும், பணம் 3,000 குறைகிறது. 13 துண்டுக்கு 1,82,000. மீதி 18,000. பதினான்காவது துண்டில் அடிக்கு 210 ரூபாய் ரேட். அந்த 18,000-ல் இன்னும் 85 அடி போகலாம். மொத்தம் 1,385 அடி. 0.86 துண்டு என்றால் 86 அடிதானே, ஓரடி எங்கே போயிற்று என்று யாராவது கேட்டால் அதற்கு ஒரு முழு வகுப்பையே ஒதுக்குங்கள். சமன்பாடு துண்டுக்குள்ளேயும் ரேட் வழவழவென்று ஏறுவதாக எடுத்துக்கொள்கிறது, ரிக்காரர் துண்டு முழுக்க ஒரே ரேட்தான் வாங்குகிறார்.